ஜாக் ஜான்சன்: களத்தில் வெல்ல முடியாதவரைச் சட்டத்தால் வீழ்த்திய அமெரிக்கா

1910 ஜூலை 4, அமெரிக்காவின் விடுதலை நாள். நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், மரப்பலகைகளால் அவசரமாக எழுப்பப்பட்ட அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டிருந்தனர். வெள்ளை இனமே உயர்ந்தது என்பது அன்று மெய்ப்பிக்கப்படும் என்று அவர்களில் பெரும்பாலோர் நம்பினர். பதினைந்தாவது சுற்றில் அந்த நம்பிக்கை தரையில் சாய்ந்தது. வென்றவர் ஜாக் ஜான்சன், அடிமைகளாக வாழ்ந்த பெற்றோரின் மகன். அந்த வெற்றிக்கான விலையை அன்றிரவே நாடெங்கும் கறுப்பின மக்கள் கொடுத்தனர். அதன்பின் ஜான்சனும் கொடுத்தார்.

ஜான்சன் 1878 மார்ச் 31 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் துறைமுக நகரான கால்வெஸ்டனில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. சில ஆண்டுகளிலேயே பள்ளிப்படிப்பை விட்டுத் துறைமுகத்தில் சுமை தூக்கினார். அக்காலத்தில் கறுப்பின இளைஞர்கள் பலரை ஒரே நேரத்தில் களத்தில் இறக்கி, ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தச் செய்து, வெள்ளையர்கள் சில்லறைக் காசுகளை வீசி மகிழ்வது வழக்கம். கறுப்பு உடல்கள் மோதுவதை வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்த அந்தச் சமூகம், அவை வெள்ளையருக்கு நிகராக நிற்பதைச் சகிக்கத் தயாராக இல்லை.

1901இல் ஜோ சோயின்ஸ்கி என்ற அனுபவமிக்க யூத வீரர் கால்வெஸ்டனில் ஜான்சனை வீழ்த்தினார். பரிசுக்காகக் குத்துச்சண்டை இடுவது டெக்சாசில் குற்றம் என்பதால் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். சிறையில் கழித்த வாரங்களில் சோயின்ஸ்கியிடம் தற்காப்பு நுணுக்கங்களை ஜான்சன் கற்றார். எதிராளியின் அடிகளைத் தடுத்தும் விலகியும் அவரைக் களைப்படையச் செய்து, பின்னர் தாக்கும் முறை அவருடைய தனி அடையாளமாயிற்று.

1903இல் கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக வைக்கப்பட்டிருந்த ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். ஆனால் உலக ஹெவிவெயிட் பட்டம் அவருக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. கறுப்பர் அதற்குப் போட்டியிடக் கூடாது என்று எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெள்ளை வீரர்கள் கறுப்பரோடு களமிறங்க மறுத்தாலே போதுமானதாக இருந்தது. இதற்கு நிறக்கோடு என்று பெயர். பட்டம் பெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரிசும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றார். ஒரு தோல்வியும் இன்றி ஓய்வும் பெற்றார்.

பின்னர்ப் பட்டம் பெற்ற கனடியரான டாமி பர்ன்சை ஜான்சன் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பின்தொடர்ந்து சென்றார். 30,000 டாலர் தருவதாகக் கூறிய பின்னரே பர்ன்ஸ் போட்டிக்கு இசைந்தார். ஜான்சனுக்குப் பேசப்பட்டது 5,000 டாலர். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் நடந்த போட்டியின் பதினான்காவது சுற்றில் காவல்துறை குறுக்கிட்டு ஆட்டத்தை நிறுத்தியது. படக்கருவியும் நிறுத்தப்பட்டதால், பட்டம் கைமாறிய கணம் திரைப்படச் சுருளில் இல்லை. ஆயினும் முதன்முறையாக ஒரு கறுப்பர் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆகியிருந்தார்.

அன்று முதல் வெள்ளைப் பத்திரிகைகள் அவரை வெல்லவல்ல வெள்ளையரைத் தேடத் தொடங்கின. சிட்னியிலிருந்து எழுதிய நாவலாசிரியர் ஜாக் லண்டன், பண்ணையில் ஓய்வாக இருந்த ஜெஃப்ரிஸ் மீண்டும் வர வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். ஜெஃப்ரிசும் தம் பெருத்த உடலைப் பெரும்பாடுபட்டு இளைக்கச் செய்து ரீனோவுக்கு வந்தார். வெள்ளையரே மேலானவர் என்று நிறுவுவதே தம் நோக்கம் என்பதை அவர் மறைக்கவில்லை. அதுவரை எந்தப் போட்டியிலும் கீழே விழாத அவரைப் பதினைந்தாவது சுற்றில் ஜான்சன் மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். ஜெஃப்ரிசின் தரப்பினரே போட்டியை நிறுத்தும்படி ஆயிற்று.

முடிவு தந்தி வழியாகப் பரவியதும் பல மாநிலங்களின் நகரங்களில் வன்முறை வெடித்தது. வெற்றியைக் கொண்டாடிய கறுப்பர்கள் தாக்கப்பட்டனர். தம் வழியே சென்றவர்களும் தாக்கப்பட்டனர். ஹூஸ்டனில் டிராம் வண்டியில் ஜான்சனின் வெற்றியை உரக்கக் கூறிய கறுப்பர் ஒருவரின் கழுத்தை வெள்ளையர் ஒருவர் அறுத்தார். பலர் கொல்லப்பட்டனர், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். களத்தில் ஒருவர் பெற்ற வெற்றிக்காக ஒரு சமூகம் முழுவதும் தண்டிக்கப்பட்டது.

இந்த வன்முறைக்கு ஆட்சியாளர்கள் கண்ட தீர்வு வியப்புக்குரியது. தாக்கியவர்களை ஒடுக்குவதை விட, ஜான்சன் வென்ற காட்சியை மறைப்பதிலேயே அவர்கள் முனைப்புக் காட்டினர். ரீனோ போட்டியின் திரைப்படத்தைப் பல நகரங்களும் மாநிலங்களும் தடை செய்தன. 1912இல், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. அது 1940 வரை நீடித்தது.

ஜான்சன் அடங்கி நடக்கவில்லை. விலையுயர்ந்த உடை அணிந்தார், தங்கப் பல் தெரியச் சிரித்தார், கார்களை அதிவேகமாக ஓட்டினார், வெள்ளைப் பெண்களை மணந்தார். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மன்னிக்க முடியாத குற்றமாகக் கருதப்பட்டது. 1912 டிசம்பரில் லூசில் கேமரான் என்ற வெள்ளைப் பெண்ணை அவர் மணந்தபோது, ஜார்ஜியா மாநில உறுப்பினர் சீபார்ன் ரோடன்பெரி, இனம் கடந்த திருமணத்தை நாடு முழுவதும் தடை செய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தை முன்மொழிந்தார். அது நிறைவேறவில்லை.

வேறொரு சட்டம் ஏற்கெனவே கைவசம் இருந்தது. ரீனோ போட்டிக்கு ஒன்பது நாட்களுக்கு முன் நடைமுறைக்கு வந்த மான் சட்டம், பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கடத்துவதைத் தடுப்பதற்கென இயற்றப்பட்டது. அதில் இருந்த, ஒழுக்கக்கேடான நோக்கம் என்ற தெளிவற்ற சொற்றொடர் ஜான்சனுக்கு எதிராகப் பயன்பட்டது. லூசில் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்ததால், முன்பு அவரோடு வாழ்ந்த பெல் ஷ்ரைபர் என்ற பெண்ணை அரசுத் தரப்பு தேடிக் கண்டுபிடித்தது. 1913இல் முழுவதும் வெள்ளையர்களைக் கொண்ட நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை. ஜான்சன் கனடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பினார்.

1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில், 37 வயதில், இருபத்தாறாவது சுற்றில் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். 1920இல் நாடு திரும்பிச் சரணடைந்து தண்டனையை அனுபவித்தார். நிறக்கோடு மீண்டும் இறுக்கமாக வரையப்பட்டது. அடுத்த கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனாக ஜோ லூயிஸ் வர 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் வெள்ளைப் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, வீழ்ந்த எதிராளியின் முன் மகிழ்ச்சியைக் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடுகளோடு வளர்க்கப்பட்டார். ஜான்சனைப் போல் இல்லை என்று காட்டுவதே லூயிஸ் செலுத்த வேண்டிய நுழைவுக் கட்டணமாக இருந்தது.

ஜான்சனைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவர் தம் மனைவி எட்டாவை அடித்துத் துன்புறுத்தினார். எட்டா 1912இல் தற்கொலை செய்துகொண்டார். சாம்பியனாக இருந்தபோது சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜீனெட் போன்ற சிறந்த கறுப்பின வீரர்களுக்குப் பட்டப் போட்டி வாய்ப்பை மறுத்தார். தாம் உடைத்து நுழைந்த கதவைத் தம் மக்களுக்காக அவர் திறந்து வைக்கவில்லை. இந்தக் குறைகள் உண்மையானவை. ஆனால் அவர் தண்டிக்கப்பட்டது இவற்றுக்காக அன்று. எட்டாவின் காயங்களுக்காக எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

கறுப்பினத் தலைவர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது. அடக்கமும் உழைப்பும் காலப்போக்கில் மதிப்பைப் பெற்றுத் தரும் என்று நம்பிய புக்கர் டி. வாஷிங்டன், ஜான்சனின் நடத்தை தம் மக்களுக்குத் தீங்கு செய்வதாகக் கண்டித்தார். அவரைச் சூழ்ந்த வெறுப்பின் வேர் அவருடைய கறுப்பு நிறமே என்று டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் எழுதினார். ஜான்சனின் வழக்கு டு போய்சின் கூற்றையே உறுதி செய்கிறது. அதே வாழ்க்கையை வாழ்ந்த வெள்ளை வீரருக்காக எவரும் அரசியலமைப்பைத் திருத்த முன்வந்திருக்க மாட்டார்கள்.

1946 ஜூன் 10 அன்று வட கரோலினாவில் கார் விபத்தில் ஜான்சன் இறந்தார். வழியில் ஓர் உணவகத்தில் நிறத்தின் பெயரால் அவமதிக்கப்பட்டுச் சினத்தோடு வண்டியை ஓட்டிச் சென்றார் என்று கூறப்படுகிறது. 2018 மே 24 அன்று அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். தீர்ப்பு வந்து 105 ஆண்டுகள் கடந்திருந்தன. மன்னிப்பு என்ற சொல்லே பொருந்தாதது. மன்னிக்க வேண்டிய இடத்தில் அரசு இருக்கவில்லை.

உரிமை என்பது நன்னடத்தைக்கு வழங்கப்படும் பரிசாக இருக்குமானால், எது நன்னடத்தை என்பதை ஒடுக்குபவரே முடிவு செய்வார். ஜான்சன் அந்த முடிவுக்குக் கட்டுப்பட மறுத்தார். குறைகளோடு வாழ்ந்த ஒரு மனிதர், தம் சமத்துவத்தை யாரிடமும் விண்ணப்பித்துப் பெற வேண்டியதில்லை என்று கருதி வாழ்ந்ததே அவர் வாழ்வின் பொருள்.