செம்பில் நிலைத்த நாடகம்

நாடகக் காட்சிகளைச் செதுக்கி அச்சிட்ட பழைய படங்களைச் சட்டத்தோடு தேடிச் சேர்ப்போர், அவற்றின் அடியில் அடிக்கடி காணும் பெயர் பாய்டெல்.

ஜான் பாய்டெல் 1720ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், நில அளவையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் இலண்டன் சென்று செப்புத்தகட்டில் படம் செதுக்கப் பயின்றார். தம் கைத்திறனின் எல்லையை உணர்ந்தவர். எனவே பிறர் செதுக்கியவற்றை வெளியிட்டு வளம் பெற்றார். 1790இல் இலண்டன் மாநகர மேயரானார்.

ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளை ரெனால்ட்ஸ், ஃபியூஸ்லி, ராம்னி முதலிய ஓவியர்களைக் கொண்டு தீட்டுவித்து, 1789இல் பால்மால் தெருவில் காட்சிக்கூடம் திறந்தார். அவ்வோவியங்களைச் செதுக்கி அச்சிட்டு, முன்பணம் செலுத்தியோர்க்கு வழங்கினார். ஆனால் பிரான்சுடன் மூண்ட போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்தது, கடன் சூழ்ந்தது. நாடாளுமன்ற ஒப்புதலுடன் 22,000 பரிசுச் சீட்டுகளை விற்பனைக்கு விட்டார். அவை விற்றுத் தீர்ந்த நிலையில் 1804 டிசம்பரில் மறைந்தார். அடுத்த மாதக் குலுக்கலில் ஓவியங்கள் ஒருவர் கைக்குச் சென்று, ஏலத்தில் சிதறின.

மூல ஓவியங்கள் பல இன்றில்லை. அச்சுப் படங்களோ எண்ணற்ற இல்லச் சுவர்களில் வாழ்கின்றன. கூடம் கட்டியவர் தோற்றார். அச்சிட்டுப் பரப்பியவர் வென்றார். இருவரும் ஒருவரே என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.