ஐன்ஸ்டீன் உயிரைப் பறித்த வயிற்று ரத்தக்குழாய் வீக்கம்: கடைசி ஆபரேஷனை அவர் ஏன் மறுத்தார்?

ஐன்ஸ்டீன் என்றதும் சார்பியல் தத்துவம்தான் ஞாபகம் வரும். ஆனால் ரத்தக்குழாய் டாக்டர்களுக்கு அவர் பெயர் இன்னொன்றையும் நினைவுபடுத்தும்.

1879-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார். கையில் எப்போதும் புகைக்குழாய். கூடவே வருஷக்கணக்காக விட்டு விட்டு வந்த வயிற்று வலி.

1948 டிசம்பர். நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிசென் என்ற டாக்டர் அவருக்கு ஆபரேஷன் செய்தார். அவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர்தான். வயிற்றைத் திறந்தால், இதயத்திலிருந்து கீழே வரும் பெருந்தமனி பம்பளிமாஸ் பழம் அளவுக்கு உப்பியிருந்தது!

சைக்கிள் டியூப் தேய்ந்த இடத்தில் புடைக்குமே, அதே கதைதான். பெருந்தமனி வயிற்றில் சாதாரணமாக சுமார் 2 செ.மீ. அகலம் இருக்கும். 3 செ.மீ.-ஐத் தொட்டால் அது வீக்கம். வெடித்தால் பெரும்பாலும் உயிர் போய்விடும்.

வீங்கிய பகுதியை வெட்டி மாற்றும் வித்தை அப்போது இல்லை. அதனால் நிசென் அதன்மேல் செல்லோஃபேன் தாளைச் சுற்றினார். ஆமாம், மிட்டாய் சுற்றும் அதே கண்ணாடித் தாள். அது உறுத்தி, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவரைத் தாங்கும் என்பது கணக்கு. 6 வருஷத்துக்கு மேல் தாங்கியது.

இதற்கிடையே 1951-ல் பாரிஸில் சார்லஸ் டுபோஸ்ட், வீங்கிய தமனியை எடுத்துவிட்டு இறந்தவர் ஒருவரின் தமனியைப் பொருத்திக் காட்டினார்.

1955 ஏப்ரலில் ஐன்ஸ்டீனுக்கு மறுபடி கடும் வலி. பித்தப்பைக் கோளாறு மாதிரியே இருந்தது. உண்மையில் தமனி கசியத் தொடங்கியிருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்க் க்ளென், புது முறையில் ஆபரேஷன் செய்யலாம் என்றார். ஐன்ஸ்டீன் வேண்டாம் என்றுவிட்டார். செயற்கையாக ஆயுளை இழுத்துப் பிடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. மருத்துவமனைப் படுக்கையிலும் கண்ணாடியும் கணக்குத் தாள்களும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 18 அதிகாலை காலமானார். வயது 76.

இன்றைக்கு நிலைமை வேறு. ராஜபாளையம் மாதிரி ஊர்களிலேயே எடுக்கும் சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே இது தெரிந்துவிடும். சின்ன வீக்கம் என்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ.-ஐத் தொட்டால் சரிசெய்யச் சொல்வார்கள். பலருக்குத் தொடை வழியாகவே ஸ்டென்ட் வைத்துவிடலாம், வயிற்றைத் திறக்க வேண்டாம்.

65 வயது தாண்டிய, புகைபிடித்த பழக்கமுள்ள ஆண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வலியே இல்லாமல் வளரும் என்பதால், ஒருமுறையாவது ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. திடீரென வயிறும் முதுகும் சேர்ந்து வலித்து மயக்கம் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்.