சொல்லாமல் பாய்ந்த கத்தி

பிரசவத்துக்காக ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பிள்ளையோடு வீடு திரும்புகிறாள். இனி அவள் கருத்தரிக்கவே முடியாதபடி அறுவை நடந்துவிட்டது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கொடுமை எங்கே நடந்தது தோழர்களே? ஜனநாயகத்தின் தாயகம் என்று மார்தட்டும் அமெரிக்காவில், அதுவும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலே நடந்தது!

அதைக் கண்டு வாய் மூடி இருக்க மறுத்த ஒரு நர்சின் வரலாற்றை இன்று நாம் நினைவுகூர்கிறோம். அவர் பெயர் சூசி எல்லோடெயில்.

1903-ல் மொண்டானா மாநிலத்தில், குரோ என்னும் ஆதிக்குடியில் பிறந்தார் அம்மையார். நம் ஏடுகள் செவ்விந்தியர் என்று எழுதிப் பழகிய மக்கள் அவர்கள். (கொலம்பஸ் வழிதவறிப் போய் வைத்த பெயரை நாமும் சுமந்தோம்!) மண்ணுக்குரிய அம்மக்கள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் வந்ததே 1924-ல்தான். அவர்களை ஒதுக்கி வைத்த நிலப்பகுதியில், பன்னிரண்டு வயதிலேயே தாய் தந்தையற்றவரானார் சூசி. பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கிழக்குப் பகுதியில் படித்தார். பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி பெற்றார். ஆதிக்குடிகளில் முறைப்படி பதிவுபெற்ற முதல் சில நர்சுகளில் அவரும் ஒருவர்.

அந்தப் படிப்போடு பாஸ்டனிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ ஊருக்குத் திரும்பினார். 1929-ல் தாமஸ் எல்லோடெயிலை மணந்தார். குரோ ஏஜென்சி என்ற ஊரின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

அங்கேதான் கண்டார், குரோ பெண்களுக்குச் சம்மதமின்றிக் கருத்தடை அறுவை செய்யப்படுவதை. டாக்டர் பேசுவது நோயாளிக்குப் புரியவில்லை. நோயாளி சொல்வதைக் கேட்க டாக்டருக்குப் பொறுமை இல்லை. இடையிலே நின்ற சூசிக்கு இரண்டு மொழியும் தெரியும். அதுவே பலருக்குச் சங்கடமாயிற்று! சர்க்கார் வேலையை விட்ட பின்பும் அவர் தொழிலை விடவில்லை. முப்பதாண்டுக் காலம் ஊர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார்.

1930 முதல் 1960 வரை மற்ற ஆதிக்குடிகளின் ஊர்களுக்கும் சென்றார். நவஹோ மக்களிடையே ஆஸ்பத்திரியை அடைய 20, 30 மைல் நடக்க வேண்டியிருந்தது. தாயின் முதுகிலேயே பிள்ளை உயிர்விட்ட கொடுமையை அவர் அதிகாரிகள் முன் எடுத்துவைத்தார். முதியவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே வைத்தியம் பேசப்பட வேண்டும், குடிகளின் பழக்கவழக்கங்களை மதித்துப் பணி செய்ய வேண்டும் என்றும் வற்புறுத்தினார். வெறும் இரக்கத்தை அவர் கேட்கவில்லை. தம் மக்களில் நர்சுகள் உருவாகப் பணம் ஒதுக்கு என்று கேட்டார், வாங்கியும் காட்டினார். ஆதிக்குடி நர்சுகளுக்கென ஒரு சங்கமும் கண்டார். சங்கத்தின் அருமை தொழிலாளித் தோழர்களுக்கு நாம் சொல்லியா தெரிய வேண்டும்?

1962-ல் ஜனாதிபதியின் விருது அவரைத் தேடி வந்தது. விருது வந்தது, கொடுமை நின்றதா? இல்லை. 1976-ல் அமெரிக்க சர்க்காரின் தணிக்கை அலுவலகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆதிக்குடிகளுக்கான மருத்துவத் துறையின் பன்னிரண்டு வட்டாரங்களில் நான்கை மட்டும் ஆராய்ந்தார்கள். 1973 முதல் 1976 வரை அங்கே நடந்த கருத்தடை அறுவைகள் 3,406. அத்தனையும் கட்டாயத்தால் நடந்தவை என்று அறிக்கை கூறவில்லை. ஆனால் சம்மதப் பத்திரங்கள் விதிப்படி இல்லை என்று ஒப்புக்கொண்டது. 21 வயது நிரம்பாதவர்களுக்குச் செய்யக் கூடாதென்ற கோர்ட்டுத் தடைக்குப் பின்னும் 36 அறுவைகள் நடந்திருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நர்ஸ் கண்ணால் கண்டதைக் காகிதத்தில் காண சர்க்காருக்கு அவ்வளவு காலம் பிடித்தது!

1981 டிசம்பர் 25-ல் அம்மையார் மறைந்தார். அமெரிக்க நர்சுகள் சங்கம் தன் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது 2002-ல். அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் ஆதிக்குடிப் பெண் அவர்தான்.