வில்லெம் ரோண்ட்கன்

வில்லெம் கொன்ராடு ரோண்ட்கன் (மார்ச் 27, 1845 - பெப்ரவரி 10, 1923) எக்சு-கதிர்களைக் கண்டறிந்த செருமானிய இயற்பியலாளர் ஆவார். உட்ரெக்ட்டில் பயின்றபோது, ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்த மாணவனைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். எனினும் 1869இல் சூரிச்சில் முனைவர் பட்டம் பெற்றார்.

நவம்பர் 8, 1895 அன்று வூர்சுபர்க்கில், கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாய்க்கு அப்பாலிருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு திரை ஒளிர்வதைக் கண்டார். டிசம்பர் 22இல் மனைவியின் கையைப் படமெடுத்தார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. காப்புரிமை எதுவும் கோராத இவர், பரிசுத்தொகையையும் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார்.

போதைப்பொருள் உறைகளை விழுங்கிக் கடத்துவோரை இனங்காணவும் இக்கதிர்கள் பயன்படுகின்றன. உறை குடலினுள் கிழிந்தால் உயிரிழப்பு நேரலாம். இந்தியாவில், பயணி தாமாக இசையாவிடில், சுங்கச் சட்டம் (1962) 103ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரின் ஆணை பெற்றே வயிற்றைப் படமெடுக்க இயலும். எளிய படத்தில் தப்பும் உறைகள் பல சி.டி. வருடியில் தென்படுகின்றன.