மேன்மாடத்துத் தனியரும் அவர் இல்லறமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, அத்திலாந்திக் சமுத்திரக் கரையில், சேலம் என்றொரு துறைமுகப் பட்டினம் உளது. பெயரொற்றுமை கண்டு தமிழகத்துச் சேலமோ என மயங்கற்க. ஒரு காலத்தில் அப்பட்டினத்து மரக்கலங்கள் சுமாத்திராத் தீவின் மிளகை ஏற்றிச் சென்று பெரும்பொருள் ஈட்டின. நம்மவர்க்கு அவ்வூரோடு வேறொரு தொடர்பும் உண்டு. கீழ்த்திசை நாடுகளுக்குப் புறப்பட்ட முதல் அமெரிக்க மிசனரிமார் ஐவர் குருப்பட்டம் பெற்றது 1812 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் நாள் அவ்வூர்த் தேவாலயம் ஒன்றிலேயாம். அவருள் ஒருவராகிய சாமுவேல் நியூவெல் 1813 இல் இலங்கைக்கு வந்து தங்கினார். அவர் காட்டிய வழியே 1816 இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது.

அம்மிசனரிமார் குருப்பட்டம் பெற்ற நாளில், அதே ஊரிலே, தந்தையை இழந்த ஏழரை வயதுச் சிறுவன் ஒருவன் தாய்வழி மாமன்மார் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். பின்னாளில் அமெரிக்கப் புனைகதை இலக்கியத்தின் முதல்வருள் ஒருவராய்ப் போற்றப்பெற்ற நதானியேல் ஹோதோர்ண் அவனே. அவர் நாவல்களைப் பற்றி எழுதினோர் பலர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அவருடைய இல்வாழ்க்கையை.

வகுப்பறையின் கடைசி வாங்கில் அமர்ந்து, வினவினாலன்றி வாய் திறவாத மாணாக்கர் சிலரை ஆசிரியர் யாவரும் அறிவர். கூர்த்த அறிவும் உயர்ந்த இலட்சியமும் அவரிடத்து இருக்கும்; நாலுபேர் கூடிய இடத்தில் நாவெழாது. இவன் எங்ஙனம் ஒரு குடும்பத்தைக் கட்டியாள்வான் என்று பெற்றோர் என்னிடம் கவலையோடு கேட்டதுண்டு. அவர்க்குச் சொல்லத்தக்க வரலாறு ஹோதோர்ணுடையது. எனினும் முழுவதும் இனிப்பானதன்று.

ஹோதோர்ண் 1804 ஆம் ஆண்டு யூலை 4 ஆம் நாள் பிறந்தார். கப்பற்றலைவராயிருந்த தந்தையார் 1808 இல் தென்னமெரிக்கச் சூரினாம் நாட்டிலே காய்ச்சலால் மாண்டார். தாயார் அதன்பின் ஊரார் கூட்டத்தினின்றும் ஒதுங்கியே வாழ்ந்தார். மகனுக்கும் தமக்கை எலிசபெத்துக்கும் அவ்வொதுக்கம் முதுசொம்போல வந்தது. வேறொரு முதுசொமும் அக்குடும்பத்துக்கு இருந்தது. 1692 இல் சேலத்திலே சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட கொடிய விசாரணையில் பங்குகொண்ட நீதவான் ஒருவர் அவர் பாட்டனுக்குப் பாட்டனாவார். ஹோதோர்ண் இளமையில் தம் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டில் ஓரெழுத்தைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது அப்பழியினின்று விலகவே என்பார் பலர்.

ஒன்பது வயதளவில் காலில் ஏற்பட்ட ஊறு அவரை நெடுங்காலம் வீட்டோடு நிறுத்தியது. புத்தகங்களே தோழராயின. 1821 இல் மெயின் மாநிலத்துப் போடின் கல்லூரியிற் புகுந்தார். பின்னாளிற் கவிஞராய்ப் புகழ்பெற்ற லோங்பெல்லோ, குடியரசின் தலைவராய் உயர்ந்த பிராங்கிளின் பியர்ஸ், கடற்படை அதிகாரியான ஹொரேஷியோ பிரிட்ஜ் ஆகியோர் அங்கே உடன் பயின்றனர். தனிமை விரும்பிகள் நட்பறியாதவர் என்பது பிழை. ஹோதோர்ணின் நண்பர் மிகச் சிலர். ஆயின் அவருட் பியர்ஸ் நாற்பதாண்டு கழித்து அவர் இறந்த இரவிலும் அருகே இருந்தார்.

1825 இல் பட்டம் பெற்று ஊர் திரும்பியவர் மேன்மாடத்து அறையொன்றிற் புகுந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு அதுவே அவருலகம். பகலிற் படிப்பும் எழுத்தும். மாலையிலே தனியே நடை. கோடையில் ஒருசில பயணம். 1828 இல் தம் கைப்பொருள் கொண்டு பெயரிடாது ஒரு நாவலை வெளியிட்டு, பின் அதுபற்றி நாணி, பிரதிகளைத் தேடி அழித்தார். சஞ்சிகைகளில் வந்த கதைகளுக்கும் பெயரில்லை. 1837 இல் அக்கதைகள் இருமுறை சொன்ன கதைகள் என்னும் தலைப்பிலே நூலாயின. நட்டம் வந்தால் தாம் இறுப்பதாகப் பதிப்பாளருக்குப் பிரிட்ஜ் மறைவாகப் பிணை நின்றார். ஹோதோர்ண் அதனை அறியார். அவ்வாண்டில் லோங்பெல்லோவுக்கு எழுதிய கடிதமொன்றில், தம்மைத் தாமே சிறையிட்டுக்கொண்டதாகவும், கதவைத் திறக்கும் சாவியை இப்போது காணவில்லையென்றும் குறித்தார்.

சாவி அடுத்த தெருவில் இருந்தது. சேலத்திலே பல்மருத்துவர் பீபொடி என்பாருக்கு மூன்று பெண்கள். மூத்தவராகிய எலிசபெத் பீபொடி கல்வித்துறையில் முனைந்து நின்ற பேரறிவினர். பெயரில்லாக் கதைகளை எழுதியவர் தம்மூரவரே என அறிந்து, அவரை விடாது தேடி, 1837 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மாலையொன்றிலே சகோதரிமாரோடு தம்மில்லத்துக்கு வரச் செய்தார். அவ்வில்லம் ஊர் இடுகாட்டை ஒட்டியது. நாம் முன்னர்க் கூறிய நீதவான் புதைக்கப்பட்டதும் அவ்விடுகாட்டிலேயே. எலிசபெத் மாடிக்கு விரைந்து, நோயாற் கிடந்த தங்கை சோபியாவிடம், வந்திருப்பவர் பைரன் பிரபுவிலும் அழகர், இறங்கி வந்து காண் என்றார். சோபியா எழுந்திலர். ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருவார் என்று சிரித்துவிட்டாராம்.

சோபியா 1809 இற் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் ஊட்டப்பெற்ற இரச மருந்தே காரணம் எனக் கருதப்பட்ட கொடுந்தலைவலி அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. கதவு சாத்தும் ஓசையும் தாங்கார். நோய் தணியும்பொருட்டுக் கியூபாத் தீவிற் சிலகாலம் தங்கி வந்தவர். அங்கிருந்து அவரெழுதிய நீண்ட கடிதங்களை நண்பர் கையெழுத்துப் பிரதியாகவே வாங்கிப் படித்தனர். சித்திரத்திலும் வல்லவர். மேன்மாடத்து அறையொன்றில் ஒதுங்கி வாழ்ந்த ஆடவரும், மேன்மாடத்து அறையொன்றில் நோயால் ஒடுங்கிய பெண்ணும் என இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வேறுபாடு உண்டு. ஹோதோர்ணின் அறையிலே ஐயமும் இருளும் மிகுதி. சோபியாவின் அறையிலே நோயிருந்தும் மகிழ்ச்சி குன்றவில்லை. அவர் சொன்னபடியே ஹோதோர்ண் மறுமுறையும் வந்தார். வெண்ணிற ஆடையோடு சோபியா கீழே வந்தமர்ந்தார்.

1839 ஆம் ஆண்டளவில் இருவரும் தம்முள் உறுதி செய்துகொண்டனர். உறுதியை மறைத்தும் வைத்தனர். அகப்பொருள் கற்றார்க்கு இது களவொழுக்கம் போலத் தோன்றலாம். இறையனார் களவியல் அதற்கு இரண்டு திங்களே எல்லை வகுத்தது. இவர்களோ மூன்றாண்டு கடந்தும் வெளிப்படுத்திலர். தடையாய் நின்றவை இரண்டு: சோபியாவின் நோயும் ஹோதோர்ணின் வறுமையும். நோய் நீங்கினாலன்றி மணத்தல் தகாது எனச் சோபியா கருதினார் என்று அவர்தம் மகன் யூலியன் பின்னர் எழுதிய வரலாறு கூறும்.

வறுமையை நீக்க ஹோதோர்ண் பொஸ்டன் நகரச் சுங்கத்தில் உத்தியோகம் ஏற்றார். ஆண்டுக்கு 1,500 டொலர் சம்பளம். கப்பல் கப்பலாக ஏறி நிலக்கரியும் உப்பும் நிறுத்தறிவது வேலை. பகலெல்லாம் கரித்தூளிலே நின்றவர், சோபியாவின் கடிதம் வந்தால் கூட்டத்தின் நடுவே பிரியார். தனியிடம் சென்று, கைகழுவிய பின்னரே படிப்பார். நேரிற் பேச நாவெழாதவர்க்குத் தாள் நாவாயிற்று. மணம் நிகழ்வதற்கு நெடுநாள் முன்பே அக்கடிதங்களில் அவர் சோபியாவை மனைவி என்றே விளித்தார். தாம் அதுவரை வாழ்ந்தது நிழல் வாழ்வென்றும், மற்றொருவர் நெஞ்சு தொட்ட பின்னரே தமக்கு இருப்பு உண்டாயிற்றென்றும் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட அவர் கடிதங்கள் இன்றும் உள. சோபியா எழுதியவை இல்லை. 1853 இல் இங்கிலாந்துக்குப் புறப்படுமுன் அவற்றை ஹோதோர்ணே எரித்தார். வேற்றார் கண்படலாகாது என்பது அவர் கருத்து. ஏட்டுச் சுவடிகளைச் செல்லரிக்கக் கொடுத்துப் பின் ஏங்குபவராகிய நம்மால் அச்செயலைப் போற்ற இயலவில்லை.

1841 இல் இலட்சியம் அவரை வேறு வழியில் இழுத்தது. அறிஞர் சிலர் கூடி, உழைப்பும் கல்வியும் யாவர்க்கும் பொதுவாக வாழ்வோம் என்று புரூக் பண்ணை என்னும் குடியிருப்பை அமைத்தனர். ஹோதோர்ண் சேமித்த பணத்தில் 1,000 டொலரை அதிலிட்டு, சோபியாவுக்கும் தமக்கும் அங்கே ஒரு மனை கட்டலாம் எனக் கனாக் கண்டார். ஏப்ரிலில் எருக்குவியலை வாரத் தொடங்கினார். சில மாதத்திலேயே எழுத்து நின்றது. உடல் அலுத்தவனுக்கு உள்ளமும் அலுக்கும் எனக் கண்டார். நவம்பரில் விலகினார். பணம் எளிதில் மீளவில்லை. பின்னர் வழக்கிட வேண்டியதாயிற்று. மனிதகுலம் முழுவதற்குமாகக் கட்ட முயன்ற மாளிகையை விட்டு, இருவருக்கு ஒரு வீடு போதும் எனத் தெளிந்த இடம் இதுவே. அவர் வாழ்க்கையிலே முதன்மையான திருப்பம் என்று நான் கருதுவதும் இதனையே.

மணநாள் நெருங்கிய பின்னரே தாயாரிடத்தும் சகோதரிமாரிடத்தும் செய்தியைச் சொன்னார். தாயார் அன்போடு ஏற்றார். தமக்கை எலிசபெத்தோ இத்துணைக் காலம் மறைத்ததைப் பொறுத்திலர். 1842 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் நாள், பொஸ்டனிலே பீபொடி குடும்பத்தார் இல்லத்தில் நிகழ்ந்த திருமணத்துக்கு ஹோதோர்ண் வீட்டார் ஒருவரும் வந்திலர். மௌனம் காதலரை இணைத்தது. அதே மௌனம் உடன்பிறந்தாரைப் பிரித்தது. ஈண்டு ஹோதோர்ண்மீது குறை சொல்லாதிருத்தல் இயலாது.

மணமக்கள் அன்றே கொன்கோட் என்னும் சிற்றூருக்குச் சென்று, ஆற்றங்கரைப் பழைய குருமனையிற் குடிபுகுந்தனர். அவர் வருமுன்னரே தோரோ அங்கே காய்கறித் தோட்டம் இட்டு வைத்திருந்தார்; தாம் செய்த தோணியையும் ஏழு டொலருக்கு அவருக்கு விற்றார். எமர்சன் அயலார். ஒரு நண்பி, தம் தங்கையும் அவர் கணவரும் அம்மனையிலே கூடத் தங்கலாமா எனக் கேட்டெழுதியபோது, ஹோதோர்ண் நயமாக மறுத்துவிட்டார். தனிமையை அவர் துறந்தாரல்லர். இருவர்க்கு உரியதாக அதனை விரித்துக்கொண்டார். இருவரும் ஒரே குறிப்பேட்டில் மாறிமாறி எழுதினர். ஒருவர் எழுதிய பக்கத்தை மற்றவர் படித்து, அதன்கீழே தாம் எழுதுவார். ஒருநாள் சோபியாவின் வைர மோதிரத்தால் யன்னற் கண்ணாடியிலே இருவரும் கீறி வைத்த எழுத்துகளை அம்மனையில் இன்றும் காணலாம்.

கனவு மட்டுமன்று அவ்வாழ்வு. 1843 பெப்ரவரியில் சோபியா பனிக்கட்டியில் வழுக்கி வீழ்ந்து, கருவை இழந்தார். மறு ஆண்டு மூத்த மகள் யூனா பிறந்தாள். சஞ்சிகைக்காரர் பணம் அனுப்பத் தாழ்த்தினர். வேலைக்காரி இல்லாத நாள்களில் ஹோதோர்ண் தாமே அடுப்பு மூட்டி, உருளைக்கிழங்கு அவித்து, கலங்களும் கழுவினார். 1845 இல் அம்மனையை விட்டுச் சேலத்துக்கே திரும்ப நேர்ந்தது.

சேலத்துச் சுங்கத்திற் கிடைத்த உத்தியோகமும் கட்சி மாற்றத்தால் 1849 யூனிற் பறிபோயிற்று. வேலையிழந்து வீடுவந்த கணவரிடம் சோபியா, இனி உங்கள் புத்தகத்தை எழுதலாமே என மகிழ்ந்து கூறி, வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்து வைத்திருந்த நாணயங்களை எடுத்துக் காட்டினார் என்பது குடும்பத்தில் வழங்கிய செய்தி. விளக்கு மறைப்புகளிலே சித்திரம் தீட்டி விற்றும் பொருள் தேடினார். அடுத்த மாத முடிவில் ஹோதோர்ணின் தாயார் இறந்தார். அத்துயரின் பின்னர், நாடோறும் பல மணிநேரம் எழுதி, 1850 பெப்ரவரித் தொடக்கத்திற் செவ்வெழுத்து என்னும் நாவலை முடித்தார். முடிந்த அன்றிரவு இறுதிப் பகுதியைச் சோபியாவுக்குப் படித்துக் காட்டினார். படிக்கையில் அவர் குரலே நடுங்கிற்று. கேட்ட சோபியா நெஞ்சுடைந்து, கொடுந்தலைவலியோடு படுக்கைக்குச் சென்றார். நூல் வென்றது என ஹோதோர்ண் அறிந்துகொண்ட உரைகல் அதுவே. மார்ச்சில் வெளிவந்த முதற்பதிப்பின் 2,500 பிரதிகளும் பத்து நாளில் விலைப்பட்டன.

இத்துணைக் கொடுத்த சோபியா இழந்தது யாது என்பதையும் கேட்டல் வேண்டும். மணத்தின்பின் அவர் தீட்டிய ஓவியங்கள் சிலவே. பெண்கள் எழுதி அச்சேற்றுதலை ஹோதோர்ண் விரும்பிலர். ஆதலின் தம் பயணக் குறிப்புகளைப் பதிப்பாளர் கேட்டும் சோபியா கொடுத்திலர். கணவர் மறைந்த பின்னர் 1869 இலேயே அவை நூலாயின. அவ்வில்லறத்தின் இனிமையைப் புகழ்வோர் இவ்விலையையும் எண்ணுதல் நன்று.

இங்கிலாந்தில் இலிவர்பூல் நகரத் தூதராய் அவர் 1853 முதல் நான்காண்டு பணிபுரிந்தார். ஈரக்காற்றுத் தாங்காத சோபியா 1855 இலையுதிர்காலத்தில் மகளிரோடு போர்த்துக்கல் சென்றார். மறுகோடைவரை நீடித்த அப்பிரிவிலே ஹோதோர்ண் மீண்டும் பழைய மேன்மாடத்து மனிதராய் வாடினார். 1858 இல் உரோமாபுரியில் யூனாவைப் பற்றிய காய்ச்சல் மாதக்கணக்கில் நீடித்து, அவளைச் சாவின் வாயில்வரை கொண்டுசென்றது. அவள் பிழைத்தாள், தந்தையார் முன்போல் தேறிலர். 1864 மே 19 ஆம் நாள் அதிகாலை, பியர்ஸோடு சென்ற பயணத்தின் இடையே, நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்திலே உறக்கத்தில் உயிர் நீத்தார். கொன்கோட் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

சோபியா கணவரின் குறிப்பேடுகளைப் பதிப்பிக்க முனைந்தார். அமெரிக்கக் குறிப்பேடுகள் 1868 இலும், ஆங்கிலக் குறிப்பேடுகள் 1870 இலும் வெளிவந்தன. கணவர் கொச்சையாய் எழுதிய சொற்களை மாற்றினார். சில பகுதிகளை நீக்கினார். சில வரிகளை மைகொண்டு மறைத்தார். மூலத்தில் ஓரெழுத்தையும் தொடலாகாது என்று மாணாக்கருக்குப் போதிக்கும் நமக்கு இது பெரும்பிழை. பின்வந்த அறிஞர் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து பலவற்றை மீட்டனர். அவர் தம் கடிதங்களை எரித்தார். இவர் அவர் வரிகளை மறைத்தார். இருவரும் செய்தது ஒரே தொழில்போலத் தோன்றுகிறது.

பொருள் முட்டுப்பாட்டால் சோபியா 1868 இல் மக்களோடு ஜேர்மனிக்குச் சென்று, பின் இலண்டன் சேர்ந்து, 1871 பெப்ரவரி 26 ஆம் நாள் அங்கே இறந்தார். கென்சல் கிறீன் இடுகாட்டிற் புதைத்தனர். ஆறாண்டின் பின் யூனாவும் அவரருகே அடங்கினாள். கணவர் ஒரு கண்டத்தில், மனைவி மற்றொரு கண்டத்தில் என நூற்று முப்பத்தைந்து ஆண்டு கழிந்தன. இலண்டன் கல்லறை பழுதடையவே, தாய் மகள் இருவரது எச்சங்களும் கடல்கடந்து கொண்டுவரப்பட்டு, 2006 ஆம் ஆண்டு யூன் மாதம் கொன்கோட் மேட்டிலே ஹோதோர்ணின் அருகில் அடக்கம் செய்யப்பட்டன. வழித்தோன்றல்கள் அன்று கூடியிருந்தனர்.