ஜெய்பால் சிங் கேட்ட பெயர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கும் இருளர்கள், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக மனுவோடு காத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஜெய்பால் சிங் முண்டா நினைவுக்கு வருகிறார்.

1903இல், இன்றைய ஜார்க்கண்டில் முண்டா பழங்குடியில் பிறந்தவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமையேற்றார். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில் தம் மக்களின் நில உரிமைக்காக மட்டுமின்றி, ‘ஆதிவாசி’ என்ற பெயருக்காகவும் வாதாடினார். அரசமைப்போ அவர்களைப் ‘பட்டியல் பழங்குடியினர்’ என்றே குறித்தது. அவர் வேண்டிய தனி மாநிலம் 2000இல் உருவானது. அவர் 1970இலேயே மறைந்துவிட்டார்.

தாம் யார் என்பதைத் தாமே சொல்லும் உரிமையையே அவர் கேட்டார். இருளர் இன்று அரசின் பட்டியலில் இருக்கின்றனர். ஆயினும், தான் இருளர் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அதிகாரி முன் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. சான்றிதழ் தாமதித்தால் கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கைநழுவும். அந்த விசாரணையில் இருளர் பெரியவர்களின் சொல்லுக்கே முதலிடம் தரவேண்டும் என்பேன்.