டாக்டர் சுப்பாராவ்

பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை வைத்தியக் கல்லூரியில் கதர் அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்காளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார்.

அமெரிக்கா சென்ற அவர், லெடர்லி ஆராய்ச்சிசாலையில் தம் குழுவினரைக் கொண்டு அமினாப்டெரின், மெதொட்ரெக்ஸேட் என்னும் மருந்துகளை ஆக்குவித்தார். பாஸ்டன் நகரில் டாக்டர் பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் அளித்ததில் 10 பேருக்கு நோய் சிறிது காலமேனும் தணிந்தது.

போலிக் அமிலத்தின் தொழிலைத் தடுத்து, விரைந்து பெருகும் அணுக்களை வாட்டுவன இம்மருந்துகள். வாயின் உட்தோலும் எலும்பு மஜ்ஜையும் அவ்வாறே பெருகுவனவாதலால் அவையும் வாடும்.

சுதந்திர பாரதத்தின் முதலாண்டு நிறையுமுன், 1948-இல், நியூயார்க்கில் அவர் மறைந்தார். மெதொட்ரெக்ஸேட் இன்றும் வழங்கப்படுகிறது. வாய்ப்புண்ணையும் வெள்ளணுக் குறைவையும் முதலிற் கண்டு காக்கும் தாதியரின் விழிப்பே அவர் பணியை நிறைவாக்குவது என்போம்.